தலசேரி பாபுவின் கேக்

கிறிஸ்துமஸ் கேக் வெள்ளைக்காரன் சமாச்சாரம்தானே என்பவர்களுக்கு, நான் மாற்றலாகி வந்திருக்கும் வட மலபாரிலிருந்து ஒரு கதை.

1880-ல் தலசேரியில் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கியவர் மாம்பள்ளி பாபு. 1883-ல் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்து பிரவுன் துரை, சீமையிலிருந்து வந்த பிளம் கேக்கைக் கொடுத்து, "இதே மாதிரி செய்வாயா?" என்றாராம். பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொல்லி யோசனை வேறு. பக்கத்து மாஹேயில் கிடைக்குமே! பாபு கேட்கவில்லை. முந்திரிப் பழமும் கதளிப் பழமும் போட்டு இறக்கிய நாட்டுச் சரக்கை ஊற்றினார். அச்சு தர்மடத்துக் கொல்லர் அடித்தது. ருசி பார்த்த துரை இன்னும் ஒரு டஜன் கேட்டாராம். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று ஊரே பெருமை பேசும். அதை நான் தணிக்கை செய்வதாக இல்லை!

இந்த டிசம்பரில் எங்கள் வீட்டிலும் பரிசோதனை உண்டு. கருக்கிய சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டிப் பாகு. ஓவன் கிடையாதுங்க, குக்கரில் உப்பைப் பரப்பித்தான்.