டேப்பில் தப்பிய பாட்டு

"பாட்டு பாடினா போர் நின்னுடுமா?"ன்னு போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தீங்க. நிக்காதுங்க. ஆனா அதோட பாட்டின் வேலை முடிஞ்சுடறதில்லை. சிலி நாட்டுக் கதை ஒண்ணு சொல்றேன்.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1971-ல் விக்டர் ஹாரா ஒரு பாட்டு வெளியிட்டார். 'அமைதியாக வாழும் உரிமை' என்பது தலைப்பு. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுநாள் அவரைக் கைது செய்து, தலைநகர் சாண்டியாகோவில் ஒரு ஸ்டேடியத்தில் அடைத்தார்கள். சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள். உடம்பில் 40-க்கும் மேல் குண்டுகள். மார்ச்சுவரியில் அடையாளம் காட்டியது மனைவி ஜோன். நாட்டை விட்டுக் கிளம்பும்போது, கணவரின் பாட்டு டேப்புகளை ரகசியமாக எடுத்துட்டுப் போனாங்க.

2019-ல் மெட்ரோ கட்டண உயர்வில் ஆரம்பிச்ச போராட்டத்தை அடக்க மறுபடியும் ராணுவம் தெருவுக்கு வந்தது. மக்கள் கிட்டாரோடு வந்து அதே பாட்டைத்தான் பாடினாங்க. அந்த வீடியோவைப் பார்த்தப்போ எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

2023 ஆகஸ்டில், அந்தக் கொலை வழக்கில் முன்னாள் ராணுவத்தினர் 7 பேரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கொலை நடந்து ஐம்பது வருஷம்! தீர்ப்பைப் பார்த்துட்டுதான் நவம்பரில் ஜோன் கண்ணை மூடினாங்க.

கேள்வி கேட்ட நண்பரே, அந்த ஐம்பது வருஷமும் ஹாராவை மறக்க விடாம பார்த்துக்கிட்டதுல அந்த டேப்புகளுக்கும் பங்கு இருக்கு.