அம்பாசிடரின் முன்சீட்டில் நாலு பேர்



போன ஞாயிறு காலையில் என் மகள்வழிப் பேரனும் அவன் கல்லூரி நண்பர்கள் நால்வரும் ஆர்.எஸ்.புரம் வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு வால்பாறைக்குக் காரில் கிளம்பினார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டார்கள். பின்னால் மூவரும் போடவில்லை. கேட்டதற்கு, "பின்னாடி எதுக்குங்க அப்புச்சி, போலீஸ்காரங்க கேக்க மாட்டாங்க" என்றான் பேரன்.

முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவன் நான். அறிவுரை சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாது, கதை சொன்னால் ஏறும். பத்து நிமிடம் அவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

கதை விமானத்தில் தொடங்குகிறது. அமெரிக்க விமானப்படையில் ஜான் ஸ்டாப் என்றொரு மருத்துவர். எவ்வளவு அதிர்ச்சியை மனித உடம்பு தாங்கும் என்று பார்க்க, ராக்கெட் பூட்டிய வண்டியில் தன்னையே வார்களால் கட்டிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடவிட்டார். 1954 டிசம்பர் 10 அன்று மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகம். அந்த வேகத்திலிருந்து ஒன்றரை வினாடிக்குள் வண்டி நின்றது. கண்ணில் ரத்தம் கட்டிச் சற்று நேரம் பார்வை போனது, ஆனால் மனிதர் பிழைத்தார். 1999 வரை வாழ்ந்தார். அவரைக் காப்பாற்றியது அந்த வார்கள்தான். விமானத்தில் சாவதைவிடக் காரில் சாகும் விமானப்படையினரே அதிகம் என்று கண்டு, பிறகு கார்ப் பாதுகாப்புக்காகவே உழைத்தார்.

அடுத்தவர் சுவீடனின் நில்ஸ் போலின். போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையை வடிவமைத்துக்கொண்டிருந்தவரை வால்வோ கம்பெனி அழைத்துக்கொண்டது. அதுவரை கார்களில் இருந்தது பெரும்பாலும் இடுப்பு வார் மட்டும். மோதினால் மேலுடம்பு முன்னே மடங்கும். தோளிலும் இடுப்பிலும் பிடிக்கிற, ஒரே கையால் மாட்டக்கூடிய மூன்றுமுனை பெல்ட்டை போலின் செய்தார். 1959-ல் அது காரில் வந்தது. வால்வோ அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இன்று நம் வீட்டுக் காரில் இருப்பது அதே பெல்ட்தான்.

1967-ல் போலின் சுமார் 28,000 விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்டார். பெல்ட் போட்டவர்களில் மணிக்கு 96 கிலோமீட்டருக்குக் குறைந்த வேக விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. போடாதவர்கள் எல்லா வேகத்திலும் செத்திருந்தார்கள். 1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பெல்ட் அணிவதைச் சட்டமாக்கியது. உலகில் அதுவே முதல்.

அந்தக் காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அம்பாசிடரில் போய்க்கொண்டிருந்தோம். கியர் ஸ்டியரிங் பக்கத்தில், முன்சீட் ஒரே பெஞ்சு. பழனிக்குப் போனால் முன்னால் நாலு பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் குழந்தைகள். டிரைவர் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டுவார். அதை இன்றும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறோம். அன்றைய சாலையும் வேகமும் நம்மைக் காப்பாற்றின, அவ்வளவுதான்.

நம் நாட்டுக் கார்களில் 1994 முதல் முன்சீட்டுக்கும், 2002 முதல் பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயமானது. அதை அணிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆவது விதி. பின்சீட்டையும் சேர்த்தே சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,000 ரூபாய்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் வேறொன்றும் சொன்னேன். பதினைந்து வருடத்துக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன், கல்லூரி கடைசி வருடம், நண்பன் அக்கா கல்யாணம் முடிந்து ராத்திரி காரில் திரும்பினான். அவினாசி ரோட்டில் நின்றிருந்த லாரியில் மோதிவிட்டார்கள். முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், பிழைத்தார்கள். இவன் பின்சீட்டின் நடுவில் இருந்தான். துக்கம் விசாரிக்கப் போனபோது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி இருந்த பையனுக்குக் கை மட்டும்தானுங்க சார் ஒடிஞ்சுது, எம்பட பையன் பின்னாடிதானுங்களே இருந்தான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அன்று எனக்கே பதில் தெரியாது. நானும் பின்சீட்டில் பெல்ட் போடாதவன்தான்.

2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த செய்தியைப் படித்தபோதுதான் பதில் புரிந்தது. விலையுயர்ந்த கார். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள், பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அதே கணக்கு. அந்த ஒரே வருடத்தில் நம் நாட்டில் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டியவர்கள் அல்ல, உடன் போனவர்கள்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது பதினாலு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நாலு மாடிக்கும் மேலே. கார் நின்றுவிடும், பின்னால் இருப்பவன் உடம்பு அதே வேகத்தில் முன்சீட்டில் போய் மோதும். அவனும் போவான், முன்னால் இருப்பவனையும் கொண்டுபோவான். ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். பெல்ட்டுக்குத் துணையாகச் செய்யப்பட்டதுதான் ஏர்பேக்.

"பெல்ட் போட்டா பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்கய்யா" என்றான் ஒரு பையன். நம் கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அவரைக் கட்டியிருந்தது மூன்று முனையல்ல, ஆறு முனை பெல்ட். அவரைவிட வேகமாகவா நீ ஓட்டப்போகிறாய் என்று கேட்டேன். சிரித்தான்.

பின்சீட்டில் மூன்று 'க்ளிக்' சத்தம் கேட்ட பிறகுதான் கேட்டைத் திறந்தேன். சாயந்திரம் பத்திரமாகத் திரும்பினார்கள்.

அந்த அம்மாவுக்கு இனி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சொல்ல இருக்கிறது. இதை உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை என்னை அழைத்துப்போக வரும்போது, நான் பின்சீட்டில் பெல்ட்டைத் தேடினால் சீட் கவருக்குள் அது புதைந்திருக்கக் கூடாது. இப்போதே எடுத்து வெளியே வையுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்