கழற்றப்பட்ட டர்போ: 1962இன் இரண்டு எஞ்சின்கள்

முதல் டர்போ கார் எது என்ற கேள்விக்கு வாகன வரலாறுகள் பொதுவாக இரண்டு பெயர்களைச் சொல்லும்: ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலெட் கோர்வேர் மொன்சா ஸ்பைடர். இரண்டும் 1962இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தவை. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் இரு பிரிவுகள் உருவாக்கியவை. எது முந்தியது என்ற விவாதத்தைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. டர்போவைப் பொருத்துவதற்காக அந்த எஞ்சின்களின் உள்ளே என்ன மாற்றப்பட்டது?

டர்போ அப்போது புதிய கண்டுபிடிப்பு அன்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905லேயே அதற்குக் காப்புரிமை கோரினார். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு ஒரு சுழலியை ஓட்டி, அதே தண்டில் இணைந்த அமுக்கியால் சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதே அவருடைய வழி. காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம்; திறனும் கூடும். 1920களில் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் இது நடைமுறைக்கு வந்தது. டீசல் எஞ்சின் வெறும் காற்றை மட்டுமே அமுக்குகிறது. எரிபொருள் பின்னரே பீய்ச்சப்படுகிறது. ஆகவே எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும் அச்சம் அங்கு இல்லை.

பெட்ரோல் எஞ்சினின் நிலை வேறு. அதில் காற்றும் எரிபொருளும் கலந்தே அமுக்கப்படுகின்றன. அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் சென்றடையும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். பணிமனைகளில் ‘நாக்கிங்’ எனப்படும் இந்த வெடிப்பு, தொடர்ந்தால் பிஸ்டனையே உடைத்துவிடும். டர்போ வெளியிலிருந்து அழுத்தத்தைச் சேர்ப்பதால், எஞ்சினின் சொந்த அமுக்க விகிதத்தைக் குறைப்பதே இதற்கு இயல்பான தீர்வு. ஆனால் விகிதத்தைக் குறைத்தால், டர்போ வேகம் பிடிக்காத நேரத்தில் கார் மந்தமாக ஓடும்.

அந்த இழப்பை ஓல்ட்ஸ்மொபைல் பொறியாளர்கள் ஏற்க விரும்பவில்லை. 215 கன அங்குல அலுமினிய வி8 எஞ்சினின் 10.25:1 என்ற உயர்ந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் டர்போவைப் பொருத்தினார்கள். திறன் 215 குதிரைத்திறனாயிற்று: கன அங்குலத்துக்கு ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க, மெத்தனாலும் வாலைவடிநீரும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே செல்லும் காற்றுடன் தெளித்தார்கள். அது ஆவியாகும்போது கலவை குளிர்ந்தது. அதற்கெனத் தனித் தொட்டி; அதை நிரப்பும் பொறுப்பு உரிமையாளருடையது.

பலர் நிரப்பவில்லை. தொட்டி காலியானால் எஞ்சின் சேதமடையாதவாறு ஒரு தடுப்பு வால்வு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். எஞ்சின் தப்பியது, வாங்கியவர் பணம் கொடுத்துப் பெற்ற வேகம் போயிற்று. இரண்டே ஆண்டுகளில், பத்தாயிரத்தை எட்டாத எண்ணிக்கையோடு உற்பத்தி நின்றது. பின்னர் டர்போவைக் கழற்றிவிட்டு வழக்கமான கார்புரேட்டரைப் பொருத்தித்தர நிறுவனமே முன்வந்தது. இன்று முழு அமைப்புடன் எஞ்சியிருக்கும் ஜெட்ஃபயர்கள் அரிது.

கோர்வேர் எதிர்வழியில் சென்றது. காற்றால் குளிரும் அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினின் விகிதம் 9:1இலிருந்து 8:1ஆகக் குறைக்கப்பட்டது. கூடுதல் சுமையையும் வெப்பத்தையும் தாங்க உட்பாகங்கள் வலுவூட்டப்பட்டன. 102 குதிரைத்திறன் 150ஆக உயர்ந்தது. குறைந்த வேகத்தில் அது சுறுசுறுப்பாக இல்லை என்பது உண்மையே. எனினும் ஓட்டுநரிடம் எந்தத் திரவத்தையும் அது கேட்கவில்லை. கோர்வேரில் டர்போ 1966 வரை நீடித்தது. அதன் திறனும் 180 குதிரைத்திறனை எட்டியது. 1970களின் இறுதியில் டர்போவை அன்றாடக் காருக்கு ஏற்றதாக்கிய ஸ்வீடனின் சாப் 99 டர்போவும் இதே பாதையைத்தான் தேர்ந்தது: விகிதம் 7.2:1ஆகத் தாழ்த்தப்பட்டது, குறைந்த வேகத்திலேயே உதவும்படி சிறிய டர்போவும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் சேர்க்கப்பட்டன.

தமிழ்நாட்டுப் பணிமனைகளில் ‘எஞ்சினை இறக்குதல்’ என்றொரு வழக்கு உண்டு. வெளியிலிருந்து சரிசெய்ய முடியாததைச் சரிசெய்ய, எஞ்சினை வண்டியிலிருந்து எடுத்து முழுமையாகப் பிரிப்பதை அது குறிக்கும். பழைய எஞ்சினைப் புதுப்பித்து டர்போ பொருத்துவோரின் வேலை வரிசையும் அதுவே: முதலில் சிலிண்டரின் தேய்மானத்தை அளப்பது, விகிதத்தைத் தாழ்த்தும் குழிந்த தலைப் பிஸ்டன்களைப் போடுவது, டர்போவின் தண்டுக்கு எண்ணெய் வழி அமைப்பது, குளிர்விப்பையும் எரிபொருள் அளவையும் திருத்துவது, டர்போ இவற்றுக்குப் பிறகே. அந்த வழக்கைக் கொண்டு சொன்னால், ஜெட்ஃபயர் எஞ்சினை இறக்காமலே டர்போவை ஏற்றியது. உள்ளே செய்திருக்க வேண்டிய மாற்றத்தின் சுமை, ஒரு தொட்டியின் வடிவில் பயனரின் தலையில் விழுந்தது.

தொழில்நுட்ப வரலாற்றைக் காப்புரிமைகளையும் ‘முதன்மை’களையும் கொண்டு மட்டும் எழுதினால் இந்தச் சுமை ஏட்டில் ஏறாது. அந்தப் பட்டியலில் ஜெட்ஃபயருக்கு முன்வரிசை உறுதி. நிரப்பப்படாத தொட்டியையும் கழற்றப்பட்ட டர்போவையும் சான்றுகளாகச் சேர்க்கும்போதுதான், ஒரு கண்டுபிடிப்பு எங்கே வேரூன்றியது, எங்கே ஒட்டவைக்கப்பட்டது என்ற வேறுபாடு புலப்படுகிறது.