பார்க்க வந்தவளும் பிழைக்க வந்தவர்களும்: ‘பாம்பே டாக்கி’ மறுவாசிப்பு

பம்பாய் ஸ்டூடியோ ஒன்றில் பிரம்மாண்டமான தட்டச்சுப் பொறி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு விசையின் மேலும் ஒருவர் ஏறி நின்று ஆடலாம். கதாநாயகனும் ஹெலனும் விசைக்கு விசை தாவுகிறார்கள். சங்கர்–ஜெய்கிஷன் இசையில், கிஷோர் குமாரும் ஆஷா போஸ்லேயும் பாடிய பாட்டு அது. படப்பிடிப்பைப் பார்க்க வந்த ஆங்கில நாவலாசிரியை லூசியா லேனுக்கு செட்டின் தத்துவம் விளக்கப்படுகிறது: இது விதியின் இயந்திரம், மனிதர்கள் ஆட ஆட, அச்சாவது அவர்களுடைய தலையெழுத்து. லூசியாவின் கண் நாயகன் விக்ரமின் மேல் பதிகிறது. 1970இல் வெளிவந்த ‘பாம்பே டாக்கி’யின் காதல் இங்கேதான் தொடங்குகிறது.

ஜேம்ஸ் ஐவரி இயக்க, இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரித்த இப்படத்தின் திரைக்கதையை ஐவரியும் ரூத் பிராவர் ஜாப்வாலாவும் எழுதினார்கள். லூசியாவாக ஜெனிஃபர் கெண்டல், விக்ரமாக சசி கபூர். விக்ரமுக்கு மாலா என்ற மனைவி இருக்கிறாள். அவனுடைய நண்பனும் திரைக்கதை எழுத்தாளனுமான ஹரியும் லூசியாவை விரும்புகிறான். கடைசியில் ஹரியின் கை கத்தியை எடுக்கிறது. கிழக்கும் மேற்கும் சேர முடியாது என்பதைச் சொல்லும் கதையாகவே இதைப் படிப்பது வழக்கம். அந்த வாசிப்புக்குப் படத்தில் போதிய சான்று இல்லை.

லூசியாவும் விக்ரமும் தடையில்லாமல் ஒரே மொழியில், ஆங்கிலத்தில், பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் வரும் சண்டைகளில் சாப்பாடு, சாமி, சடங்கு எதுவும் காரணமில்லை. தன்முனைப்பும் சலிப்பும்தான் காரணம். இருவர் தொழிலும் கிட்டத்தட்ட ஒன்று. அவள் காதலை நாவலாக விற்கிறாள், அவன் திரையில் விற்கிறான். இவ்வளவு ஒற்றுமையுள்ள இருவரின் பிரிவுக்குப் பண்பாட்டு மோதல் என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. இந்தக் கதையில் உண்மையிலேயே அந்நியன் ஹரிதான். அதே ஊரில் அதே ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் அவனுக்குக் கவிதை மேல் பற்று, வயிற்றுப்பாட்டுக்குச் சினிமா. அவனுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள தூரம், லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையிலுள்ளதைவிட அதிகம்.

பண்பாடுகள் கலக்கவே முடியாதா? முடியும் என்பதற்குச் சாட்சி அந்தத் தட்டச்சுப் பொறிக் காட்சியிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. ஹெலன் 1938இல் ரங்கூனில் பிறந்தவர். தாய் பர்மியர், தந்தை ஆங்கிலோ-இந்தியர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படைகள் பர்மாவைப் பிடித்தபின், தாயோடு காட்டுவழியே நடந்து அசாம் வந்து சேர்ந்த சிறுமி அவர். குழு நடனத்தில் ஒருத்தியாகத் தொடங்கி இந்தித் திரையின் நடன நட்சத்திரமானார். ‘உத்தம புத்திரன்’ (1958) படத்தில் சிவாஜியோடு ஆடியவராகத் தமிழ் ரசிகர்களும் அவரை அறிவார்கள். அதே ‘பாம்பே டாக்கி’யில் நடித்த நாதிரா, ஃபுளோரன்ஸ் எசேக்கியல் என்ற பெயரில் பிறந்த பாக்தாதி யூதப் பெண். ஹரியாக வரும் சியா மொஹியுதீன் பாகிஸ்தானியர். திரைக்கதை எழுதிய ஜாப்வாலாவோ ஜெர்மனியில் பிறந்த யூதர். பார்சி கட்டடக் கலைஞர் ஒருவரை மணந்து டெல்லியில் குடித்தனம் நடத்தியவர். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் படம்பிடித்த வங்காளி.

நாயகனும் நாயகியும் நிஜ வாழ்வில் கணவன் மனைவி. ஜெனிஃபர், ஊர் ஊராக ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட கெண்டல் குழுவில் வளர்ந்தவர். சசி கபூர் அந்தக் குழுவில் நடித்தவர். 1958இல் மணந்துகொண்ட இந்த இருவர்தான், திரையில் ஒருவரையொருவர் சிதைத்துக்கொள்கிறார்கள்.

திரைக்கு வெளியே நிலைத்த உறவுக்கும் திரையில் முறிந்த உறவுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை உழைப்பு என்று சொல்லலாம். லூசியா வேடிக்கை பார்க்க வருகிறாள். கதைக்குச் சரக்கு தேடுகிறாள். அலுத்தபோது ஆசிரமத்துக்குப் போகிறாள், அதுவும் அலுக்கிறது. ஹெலனுக்கோ நாதிராவுக்கோ அந்தச் சலுகை இல்லை. அவர்களுக்குச் சினிமாதான் சோறு.

பண்பாடுகளைக் கலக்கவைப்பது உழைப்பே என்பதற்கு, படத்தின் பெயர் நினைவூட்டும் பாம்பே டாக்கீஸ் நிறுவனமே ஆதாரம். ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் 1934இல் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில், ‘அச்சுத் கன்யா’வை (1936) இயக்கிய ஃபிரான்ஸ் ஆஸ்டனும் ஒளிப்பதிவு செய்த ஜோசஃப் வீர்ஷிங்கும் ஜெர்மானியர்கள். ராயின் மறைவுக்குப் பிறகு தேவிகா ராணி ரஷ்ய ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிச்சை மணந்தார். வாடியா சகோதரர்களின் ‘ஹண்டர்வாலி’யில் (1935) சாட்டை சுழற்றிய நாடியா, ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், பின்னாளில் ஹோமி வாடியாவை மணந்தார். தமிழ்த் திரையில் ‘சதிலீலாவதி’ (1936) முதல் ‘மந்திரிகுமாரி’ (1950) வரை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாமலேயே தமிழ்ப் படம் எடுத்தவர். இவர்களெல்லாம் ஸ்டூடியோவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களா என்ன? காலையில் ஷிஃப்டுக்கு வந்து, ஷாட் முடித்துப் போனவர்கள்.

நடிகர்களின் பிறப்பு விவரங்களைக் கதைக்குள் புகுத்துவது முறையா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வாசிப்புக்கு இடம் கொடுப்பது படமே. அதன் தொடக்க எழுத்துகள், கையால் தீட்டிய விளம்பரப் பலகைகளாகப் பம்பாய்த் தெருக்களில் சுமந்து செல்லப்படுகின்றன. நட்சத்திரத்தின் பெயரை ஊருக்குக் காட்ட யாரோ தோள் கொடுக்க வேண்டியிருப்பதை ஐவரி முதலிலேயே காட்டிவிடுகிறார். அதன்பின் காதலர்களின் மனக்கசப்புக்குள் புகுந்து அந்த உழைப்பாளிகளைக் கைவிட்டுவிடுகிறார். படத்தின் உண்மையான குறை இதுவே. பிற்பாதி தொய்வதும் இதனால்தான்.

அந்தக் குறைக்கு ஈடு செய்தவர் இதே படத்தில் மாலாவாக நடித்த அபர்ணா சென். கணவன் வரவுக்காகக் காத்திருக்கும் மனைவியாக ஒடுங்கிக் கிடந்த அவர், 1981இல் ‘36 சௌரங்கி லேன்’ படத்தை இயக்கினார். தயாரிப்பு சசி கபூர். நாயகி ஜெனிஃபர் கெண்டல். கல்கத்தாப் பள்ளி ஒன்றில் ஷேக்ஸ்பியர் நடத்தும் முதிய ஆங்கிலோ-இந்திய ஆசிரியை வயலெட் ஸ்டோன்ஹாமாக அவர் மாடிப்படி ஏறி வரும் தளர்ச்சியில், லூசியாவின் சாயல் துளியும் இல்லை. வயலெட்டுக்கு இந்தியா கதைக்கான சரக்கல்ல. வேலையும் வாடகை வீடும் தனிமையும் உள்ள சொந்த ஊர். பழைய மாணவி தன் காதலனோடு தனித்திருக்க அவள் வீட்டைப் பயன்படுத்திக்கொள்ளும்போது, அவளை ஏமாற்றுவது பண்பாட்டு வேற்றுமையல்ல, சுயநலம். அபர்ணா சென்னுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும், ஜெனிஃபருக்குப் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான பரிந்துரையும் இந்தப் படம் பெற்றுத் தந்தவை.