தேயாத முன் பிரேக்

படப்பையில் நான் மெக்கானிக் கடை திறந்தது 1989-இல். அன்றிலிருந்து கழற்றி மாட்டிய சக்கரங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பின் சக்கரத்து பிரேக் ஷூவில் லைனிங் முழுக்கக் கரைந்து உலோகம் தெரியும். முன் சக்கரத்து ஷூ, வண்டி ஷோரூமை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஐந்து வருடம் ஓடிய வண்டியிலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக்காரர்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட வரலாறு முழுவதும் அந்தத் தேயாத ஷூவில் இருக்கிறது என்பேன்.

கதை சைக்கிளில் தொடங்குகிறது. நான் பள்ளிக்கூடம் போன 1970-களில் பையன்கள் முதலில் தொட்ட வண்டி வாடகை சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை நுழைத்து, குரங்கு பெடல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயில் என் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் முதலில் சொன்ன வார்த்தை, "முன் பிரேக்கைத் தொட்டே, தலைகுப்புற விழுவே. இடது கையை மட்டும் பிடி." வலது கைக்கு முன் பிரேக், இடது கைக்குப் பின் பிரேக். அவருக்கு அதைச் சொன்னவர் எங்கள் மாமா.

அது தப்பான பாடமில்லை. அன்றைக்குப் படப்பையைச் சுற்றிச் செம்மண் பாதையும் கப்பி ரோடும்தான். மணிமங்கலம், சாலமங்கலம், ஆதனூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சக்கரத்துக்கு அடியில் மணல் நெறிபடும். மணலில் முன் சக்கரத்தை இறுக்கினால் வாரிவிடும், ஆள் கீழே. வேகமோ மாட்டு வண்டியை முந்துகிற அளவுதான். அந்தப் பாதைக்கும் அந்த வேகத்துக்கும் பெரியவர்கள் கண்டெடுத்த நல்ல அறிவு அது.

1980-இல் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும் முதல் மொபெட் அதுதான். பால்காரர், கீரை மூட்டைக்காரர், வாத்தியார் எல்லாருக்கும் அதுவே முதல் மோட்டார் வண்டி. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. பிரேக் இரண்டும் கையில், சைக்கிளில் எப்படியோ அதே மாதிரி. சைக்கிளில் பழகிய கை எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. இடது கையை இறுக்கினால் வண்டி நிற்கும்.

அடுத்த ஐந்து வருடத்துக்குள் ஜப்பான் கூட்டில் வந்த 100 சிசி வண்டிகள் இறங்கின: இண்ட்-சுசுகி, யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா. ஐடிஐ முடித்துவிட்டுத் தாம்பரத்தில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 1986-இல் ஒரு நாள், சர்வீஸ் முடிந்த இண்ட்-சுசுகியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். முடிச்சூர் ரோட்டில் போனேன். எதிரே வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று சந்திலிருந்து வெளியே வந்தது. என் இடது கை தானாக இறுகியது. பத்து வருடமாக அதற்குப் பழகிய வேலை அது ஒன்றுதான். ஆனால் அந்த வண்டியில் இடது கையில் இருந்தது கிளட்ச். இன்ஜினின் இழுப்பும் விட்டுப்போய், வண்டி முன்பைவிட லேசாக உருண்டு போய் வைக்கோலில் மோதியது. வைக்கோலாக இருந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர், "எனக்கும் அப்படி ஆயிருக்குண்ணே" என்றார்கள். சைக்கிள், மொபெட், இன்றைக்கு ஸ்கூட்டி என்று எதில் பழகினாலும் இடது கைக்கு பிரேக் என்றே பதிகிறது. கியர் வண்டிக்கு மாறும் அன்று அந்தக் கை பழசை மறப்பதில்லை. திடுக்கிடும் நொடியில் யோசிப்பது மூளை அல்ல, பழக்கம்.

புல்லட்டின் கதை இன்னும் சிக்கல். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளில் நேர்மாறு. புல்லட்டில் முதல் கியர் மேலே, மிச்சம் மூன்றும் கீழே. ஆகவே மற்ற வண்டி ஓட்டிப் பழகியவன் பதறி வலது காலை மிதித்தால் பிரேக் பிடிக்காது, அடுத்த கியர் விழும். புல்லட் வைத்திருந்தவர்கள் சாவியைப் பிறருக்குக் கொடுக்க மாட்டார்கள். அதைக் கர்வம் என்று ஊரில் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நான் கடை திறந்த அதே வருடம் ஜூலை 1-இல் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழகுநர் உரிமம், அதாவது எல்எல்ஆர், எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வு. பழகும்போது சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அவசரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டுவதும் தேர்வு விதியில் இருக்கிறது. ஆனால் மக்கள் மனத்தில் தேர்வு என்றால் எட்டு போடுவதுதான். நான் தேர்வுக்குப் போன மைதானத்திலும், பிறகு பையன்களை அழைத்துப்போன மைதானங்களிலும், முதல் கியரில் கால் ஊன்றாமல் எட்டு போட்டவன் பாஸ். நாற்பதில் வந்து நிறுத்திக் காட்டு என்று என் கண் பார்க்க யாரும் கேட்டதில்லை. நடந்து போகிற வேகத்தில் வளைக்கத் தெரிந்தவனுக்கு, எந்த வேகத்திலும் போகலாம் என்று கையில் உரிமம் கிடைக்கிறது.

இதற்கிடையில் ரோடு மாறியது. வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் போகும் இந்தச் சாலையில் ஒரு காலத்தில் நெல் காயப் போடுவார்கள். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. சாலை அகலமானது, நடுவில் சுவர் வந்தது, கன்டெய்னரும் கார் ஏற்றும் டிரெய்லரும் இரவு பகலாக ஓடின. கரசங்காலிலும் செரப்பணஞ்சேரியிலும் இருந்த பையன்களுக்கு ஷிப்ட் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில், தவணையில், எல்லாரும் பைக் எடுத்தார்கள். உலகத்துக்கே வண்டி செய்து அனுப்புகிற ஊராகிவிட்டோம். ஓட்டும் பாடம் மட்டும் ஏரி உள்வாயில் அண்ணன் சொன்னதே.

2011-இல் ஒரு அப்பா தன் மகனுக்கு வாங்கிய 100 சிசி வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். "அண்ணே, பையன் புதுசா ஓட்டறான். முன்னாடி பிரேக்கை லூஸ் பண்ணி வெச்சிடுங்க. தெரியாம பிடிச்சு விழுந்துட்டான்னா?" இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர் இல்லை. மாதத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். அட்ஜஸ்டர் நட்டைத் திருப்பி, லீவரைப் பிடித்தால் கைப்பிடியைத் தொடும் அளவுக்குத் தளர்த்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இரவு ஷிப்டுக்குப் போன அந்தப் பையன், ஒரகடம் ரோட்டில் இடது ஓரம் பின்விளக்கில்லாமல் நின்றிருந்த கன்டெய்னர் லாரியின் பின்னால் மோதினான். வயது 19. மறுநாள் காலையில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். தாரில் டயர் தேய்ந்த கோடு ஒன்று நீளமாக இருந்தது. என் தப்படியில் பதினெட்டு. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்ட கோடு. பையன் தூங்கவில்லை, லாரியைப் பார்த்திருக்கிறான், காலில் இருந்த பலத்தையெல்லாம் பிரேக்கில் வைத்திருக்கிறான். முன் சக்கரம் இழுத்த தடமே இல்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்கிறோம். பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்த நொடியில் வண்டியின் எடையும் ஆளின் எடையும் முன் சக்கரத்தின் மேல் இறங்குகிறது. முன் டயர் தரையை அழுத்திப் பற்றுகிறது. பின் டயர் லேசாகி வழுக்குகிறது. நல்ல தார் ரோட்டில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஐடிஐ-யில் படித்துத் தேர்வெழுதிய விஷயம் இது. தெரிந்தும்தான் அந்த நட்டைத் திருப்பினேன்.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாதவர்கள், தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். பாதிக்கு மேல், அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். ஆபத்தைக் கண்ட பின் அவர்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்த தப்பும் எழுதியிருக்கிறது: பின் பிரேக்கை மிதமிஞ்சி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. படப்பை ரோட்டில் நான் தப்படி போட்டு அளந்த கோட்டை, முப்பது வருடத்துக்கு முன்பே அங்கே யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்பது 33 மீட்டர்.

அந்தப் பையனிடம் ஹெல்மெட் இருந்தது. பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்தான். ஹெல்மெட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1935 மே மாதம் இங்கிலாந்தில் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற முன்னாள் ராணுவ அதிகாரி மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். அவர் அதோடு விடாமல், ராணுவத்தில் பைக்கில் தபால் கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நம் சட்டத்தில் அது 129-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2007-இல் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாளில் தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1-இலிருந்து மறுபடியும் கட்டாயம். அந்த ஜூன் மாதம் ஹெல்மெட் கடைகளில் நின்ற கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது. விலையும் ஏறியது. தலைக்கு வாங்கியவர்களைவிட அபராதத்துக்கு வாங்கியவர்கள் அதிகம். 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டில் எல்லாச் சாலை விபத்துகளிலும் சேர்த்து 17,884 உயிர் போனது.

வண்டிகள் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொண்டன. 1999-இல் வந்த சிபிசட், 2001-இல் வந்த பல்சர் ஆகியவற்றில் முன்னால் டிஸ்க் பிரேக். "டிஸ்க் வேணாம்ணே, வாரிவிடும்" என்று சொல்லி டிரம் வண்டி தேடியவர்கள் உண்டு. 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 125 வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் ஏற்பாடாவது கட்டாயமானது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தாலும் முன்னாலும் கொஞ்சம் பிடிக்கும். நாம் முன் பிரேக்கைத் தொடுவதில்லை என்று தெரிந்துகொண்டு செய்த ஏற்பாடாகவே எனக்கு அது படுகிறது. அதனால் சில உயிர்கள் பிழைத்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் பழைய வண்டிகள் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போய், இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி புதிதாக எடுத்த பையன்களையும் பெண்பிள்ளைகளையும் ஒரு திடலுக்கு அழைத்துப்போகிறேன். கிளட்ச், கியர் எல்லாம் அப்புறம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரச் சொல்லி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தச் சொல்கிறேன். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி அழுத்தச் சொல்கிறேன். ஈர மண்ணிலும் மணலிலும் எவ்வளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதும் அங்கேயே காட்டிவிடலாம். நாற்பது ஐம்பது தடவை நிறுத்திய பிறகு, முகத்தில் இருந்த பயம் விலகி, கை நிதானத்துக்கு வருவதைப் பார்க்கிறேன். ஒரு காலை நேரம் போதும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த ஒரு காலையைக் கொடுங்கள். எந்தக் கடையிலும் போய் முன் பிரேக்கைத் தளர்த்தச் சொல்லாதீர்கள். மெக்கானிக் தம்பிகளே, யார் வந்து சொன்னாலும் அந்த நட்டைத் திருப்பாதீர்கள்.