வைஃபை ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல: கேட்வே செட்டிங்கில் எங்கே தப்பு நடக்கிறது?

காலை மீட்டிங் தொடங்க 5 நிமிடம் இருக்கும்போது லேப்டாப்பில் வைஃபை சிக்னல் முழுசாகத் தெரியும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "ரவுட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆனால் நெட் கம்பெனி வைத்துவிட்டுப் போன ஃபைபர் மோடத்துக்குப் பின்னால் நீங்களே ஒரு ஃபயர்வால் ரவுட்டர் வாங்கி மாட்டியிருந்தால், எத்தனை முறை ஆஃப் செய்தாலும் அதே கதை தொடரலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் கேட்வே செட்டிங்.

கேட்வே என்றால் என்ன?

வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே போகிற எந்தத் தகவலையும் லேப்டாப் நேராக அனுப்புவதில்லை. "இதை யாரிடம் கொடுத்தால் வெளியே போகும்?" என்று மட்டும் பார்த்து அந்த முகவரிக்குத் தள்ளிவிடும். அந்த முகவரிதான் டீஃபால்ட் கேட்வே. அபார்ட்மென்ட் வாசல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிற வழி முழுக்கத் தெரிய வேண்டாம், வாசல் எங்கே என்று தெரிந்தால் போதும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இங்கே வாசல் ஒன்றல்ல. லேப்டாப்புக்கு கேட்வே உங்கள் ரவுட்டர். அந்த ரவுட்டருக்கு கேட்வே நெட் கம்பெனியின் மோடம், அல்லது அதற்கும் அப்பால் உள்ள கம்பெனியின் சாதனம். எந்த வாசல் அடைத்திருக்கிறது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றினால் இருப்பதும் கெடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸ் லேப்டாப் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுங்கள். உங்கள் ஐபி முகவரியும் டீஃபால்ட் கேட்வேயும் தெரியும். ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று அர்த்தம். கேட்வேயைப் பற்றி யோசிக்கும் கட்டமே இன்னும் வரவில்லை. ரவுட்டரில் டிஎச்சிபி ஓடுகிறதா, கேபிள் சரியான போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால், முதலில் கேட்வே முகவரியை 'பிங்' செய்யுங்கள். பதில் வந்தால் அடுத்து 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியை. அதற்கும் பதில் வருகிறது, ஆனால் இணையதளப் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது, கேட்வே மேல் கை வைக்காதீர்கள். கேட்வே பதில் தந்து 8.8.8.8 தரவில்லை என்றால்தான் நாம் தேடுகிற இடம்: ரவுட்டருக்கும் வெளியுலகுக்கும் நடுவில்.

ஒரே முகவரியில் இரண்டு பெட்டிகள்

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். பல ஃபைபர் மோடம்களின் முகவரி 192.168.1.1. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற ஃபயர்வால், ரவுட்டர் மென்பொருள்களின் ஆரம்ப முகவரியும் அதே 192.168.1.1. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால், புது ரவுட்டரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே தெருப் பெயரில் இருக்கும். எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. லேப்டாப்பில் இருந்து 192.168.1.1-ஐ பிங் செய்தால் பதில் நன்றாகவே வரும். பதில் சொல்வது புது ரவுட்டர். நீங்களோ மோடம் வரை லைன் சரி என்று நம்பிவிடுவீர்கள்.

தீர்வு சுலபம். புது ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 போல வேறொன்றாக மாற்றுங்கள். டிஎச்சிபி வழங்கும் முகவரி வரிசையையும் 192.168.10.100 முதல் 200 வரை என்பதுபோல அதே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். மோடம் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்வது நல்லது. சேவ் செய்ததும் அட்மின் பக்கம் காணாமல் போனால் பதற வேண்டாம், அது புது முகவரிக்குப் போயிருக்கிறது. வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்தால் லேப்டாப்பும் புது கேட்வேயைப் பிடித்துக்கொள்ளும். பிரிண்டர், சிசிடிவி போன்றவற்றில் முன்பு கையால் முகவரி போட்டிருந்தால் அவற்றை மட்டும் தனியாகத் திருத்த வேண்டும்.

ஃபயர்வாலில் நாமே செய்துகொள்ளும் தப்புகள்

பிஎஃப்சென்ஸில் லேன் பக்கத்தை அமைக்கும்போது 'அப்ஸ்ட்ரீம் கேட்வே' என்று ஒரு கட்டம் வரும். காலியாக இருக்கிறதே என்று அதில் முகவரி போட்டுவிடுகிறோம். போடவே கூடாது. போட்டால் அந்தப் பக்கத்தையும் வெளியுலக இணைப்பாக அது கருதிவிடும். வேன் பக்கத்துக்கு மட்டும்தான் கேட்வே.

இன்னொன்று: கேட்வே 'டவுன்' என்று சிவப்பில் காட்டும், ஆனால் லைனில் கோளாறு இருக்காது. ஃபயர்வால் தன் கேட்வேயை விடாமல் பிங் செய்து பார்க்கிறது; நெட் கம்பெனியின் சாதனம் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். கண்காணிக்கும் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்தால் தீர்ந்தது.

மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றியிருந்தால், பிபிபிஓஇ இணைப்புகளில் லாகின் செய்யும் வேலை உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். யூசர்நேம், பாஸ்வேர்டு, சில இடங்களில் விலேன் எண் ஆகியவற்றை மாற்றும் முன்பே கேட்டு வாங்குங்கள். கேட்வே லாகின் ஆனதும் தானாக வரும், கையால் போட வேண்டியதில்லை.

எல்லாம் சரி, வெளியிலிருந்து வீட்டு கேமராவை மட்டும் பார்க்க முடியவில்லையா? ரவுட்டரின் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையில் ஏதோ ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள் என்று பொருள். உங்கள் பக்கம் எத்தனை போர்ட் ஃபார்வர்டு செய்தாலும் பலிக்காது. பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது விபிஎன் வழியாக வர வேண்டும்.

ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். எரிச்சலில் ஃபயர்வாலை அணைப்பது, லேப்டாப்பை டிஎம்இசட்டில் போடுவது, அட்மின் பக்கத்தை வெளியுலகுக்குத் திறப்பது எல்லாம் '5 நிமிடம்தான்' என்று தொடங்கும். நெட் வந்த சந்தோஷத்தில் திரும்ப மூட மறந்துவிடுவோம். அதே நெட்வொர்க்கில்தான் ஆபீஸ் லேப்டாப்பும் இருக்கிறது. தவிர, பிஎஃப்சென்ஸில் பாக்கெட் ஃபில்டரிங்கை முழுவதும் அணைத்தால் முகவரி மாற்றித் தரும் நாட் வேலையும் சேர்ந்தே நின்றுவிடும். அப்போது நெட் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

எதையும் மாற்றும் முன் செட்டிங்கை பேக்கப் எடுங்கள், குறைந்தது திரையை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகும் கஸ்டமர் கேரைக் கூப்பிட வேண்டியிருந்தால், வேன் பக்கம் என்ன முகவரி வந்திருக்கிறது, கேட்வே பிங்குக்குப் பதில் தருகிறதா, 'டிரேஸ்ரூட்' எந்தப் படியில் நிற்கிறது என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.