நிரல்மொழிக் கட்டுரைகளில் பிழைதிருத்தம்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் சிமுலா, சி++, ஜாவா முதலிய பொருள்நோக்கு நிரல்மொழிகளைப் பற்றிய கட்டுரை எதுவானாலும் 'தொகு' என்பதைச் சொடுக்கி யாரும் திருத்தலாம். யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அந்தப் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிவிடும். கருத்து வேறுபட்டால் உரையாடல் பக்கத்தில் சான்றோடு பேசித் தீர்ப்பது வழக்கம்.

பலரும் இடறும் இடம், முதல் மொழி எது என்பது. 'பொருள்நோக்கு' என்று பெயரிட்டவர் ஆலன் கே. ஆகவே அவருடைய ஸ்மால்டாக்கே முதல் மொழி என்று எழுதிவிடுகிறார்கள். முதல் மொழி சிமுலா 67. வரிசைகளும் காத்திருப்புகளும் எப்படி நகர்கின்றன என்பதைக் கணினியில் நடத்திப் பார்க்க, ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கியது அது. மரபுரிமம் என்ற கருத்து அவர்களுக்குப் பிடிபட்டதே ஒரு பாலத்துச் சுங்கச்சாவடியை மாதிரியாக எடுத்துக்கொண்டபோதுதான். வரிசையில் லாரியும் நிற்கிறது, பேருந்தும் நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவானதை ஒரே முறை எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் பின்னால் சேர்த்தார்கள். கப்பலூர் சுங்கச்சாவடியில் காத்து நின்றவருக்கு இதை விளக்கவே வேண்டாம். திருநெல்வேலிப் பேருந்துக்கும் தொழிற்பேட்டை லாரிக்கும் வந்த நேரம், வரிசையில் இடம், கட்டணம் எல்லாம் உண்டு. பயணிகளின் எண்ணிக்கை பேருந்துக்கு மட்டும், சரக்கின் எடை லாரிக்கு மட்டும். டாலுக்கும் நிகார்டுக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. ஆலன் கேக்கு 2003இல்.

ஆண்டுக் குழப்பம் சி++ மொழியில் அதிகம். 1979 வேலை தொடங்கிய ஆண்டு, 1983 பெயர் வைத்த ஆண்டு, 1985 விற்பனைக்கு வந்த ஆண்டு. எது எதற்கு என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் போட்டால் அதுவும் பிழைதான்.

பெயர் ஒத்திருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஜாவாவின் கிளை அன்று. 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் எழுதியபோது அதன் பெயர் மோக்கா.

கலைச்சொல்லிலும் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 'class' எனப்படுவதைத் தமிழ்நாட்டின் 11ஆம் வகுப்புப் பாடநூல் 'இனக்குழு' என்கிறது, வேறு நூல்கள் 'வகுப்பு' என்கின்றன. இனக்குழு என்றதும் மக்கள் கூட்டமே நினைவுக்கு வருவதால் வகுப்பு என்பதே பொருத்தம். பாடநூல் சொல்லைத் தேடி வரும் மாணவருக்கு ஒரு வழிமாற்று வைத்தால் போதும்.

பதிப்பு எண்கள் சீக்கிரம் பழசாகிவிடும். ஆங்கிலக் கட்டுரை திருத்தப்பட்டாலும், அதிலிருந்து முன்பே பெயர்த்த தமிழ்ப் பத்தி தானாக மாறாது. யாராவது வந்து மாற்ற வேண்டும்.